புலமைப்பரிசில் எனும் அமானிதம்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் ஆய்வு செய்யப் புலமைப்பரிசில் பெற்ற எமது விரிவுரையாளர், விமானம் ஏறுமுன் பிணைமுறியொன்றில் கையொப்பமிடுகிறார். இத்தனை ஆண்டுகளுக்குள் திரும்புவேன், திரும்பி இத்தனை ஆண்டுகள் பணிபுரிவேன், தவறின் இவ்வளவு தொகை செலுத்துவேன் என்பது அதன் சாரம். பிணை நிற்போரும் கையொப்பமிடுகின்றனர். சட்டம் கேட்கக்கூடியது அவ்வளவே. ஒழுக்கவியல் கேட்கும் கேள்வி வேறு. இந்தப் பயணி உண்மையில் யாருக்குக் கடன்பட்டவர்? பணம் தந்தவருக்கா, அனுப்பிய நாட்டுக்கா, இடம் தந்த ஊருக்கா? அக்கடனை எந்த நாணயத்தில் தீர்ப்பது?

இக்கேள்வியை ஆராய, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு கல்விப் பயணம் உதவும். 1826இல் எகிப்தின் ஆட்சியாளர் முஹம்மத் அலி பாஷா நாற்பதுக்கும் மேற்பட்ட மாணவர்களைப் பாரிஸுக்கு அனுப்பினார். படையும் நிர்வாகமும் நவீனமாக வேண்டும் என்பது அவர் கணக்கு. செலவு அரச கருவூலத்தினுடையது. அக்கருவூலத்தை நிரப்பியவர்களோ வரியையும் கட்டாய உழைப்பையும் சுமந்த நைல் நதிக்கரை விவசாயிகள். குழுவின் இமாமாகச் சென்றவர் அல்-அஸ்ஹரில் கற்ற இளைஞர் ரிபாஆ அத்-தஹ்தாவி. தொழுகை நடத்துவதும் மார்க்க வழி காட்டுவதுமே அவருக்கு இடப்பட்ட பணி. கற்பது அவராகத் தேடிக்கொண்டது. புறப்படுமுன் அவரது ஆசிரியர் ஹஸன் அல்-அத்தார், காண்பவற்றை எழுதிவருமாறு கேட்டுக்கொண்டார். நெப்போலியனின் படையெடுப்பின்போது கெய்ரோ வந்த பிரெஞ்சு அறிஞர்களோடு பழகியவர் அத்தார். பாரிஸ் செல்லும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை, கிட்டியது மாணவருக்கு.

கடனின் முதல் முகவரி இங்கேதான் தெரிகிறது. போகிறவர் ஒருவர், போகமுடியாதவர்கள் பலர். அந்தப் பலரின் கண்களாகவே அந்த ஒருவர் போகிறார். வரி கட்டிய விவசாயிக்கும் வாசலில் நின்று வழியனுப்பிய ஆசிரியருக்கும் அவர் கொண்டுவர வேண்டியது பட்டச் சான்றிதழ் மாத்திரமல்ல, பொய் கலவாத சாட்சியமும்தான். பார்வை அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

இந்த அமானிதத்துக்கு முதற் சோதனை ஆரம்ப மாதங்களிலேயே வந்துவிடுகிறது. எகிப்திய மாணவர்கள் பாரிஸில் முதலில் ஒரே வீட்டில் கூடி வாழ்ந்தனர். தம்முள் தம் மொழியையே பேசினர். பிரெஞ்சு நாவில் ஏறவில்லை. பின்னர் அவர்கள் பிரிக்கப்பட்டு வெவ்வேறு விடுதிப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டனர். தஹ்தாவியே தமது நூலில் இதனைக் குறிப்பிடுகிறார். இன்றைய புலமைப்பரிசிலாளருக்கு அந்த ஒரே வீடு கைத்தொலைபேசிக்குள்ளேயே இருக்கிறது. இரவு முழுவதும் ஊர்ச் செய்தி, வார இறுதியில் எம்மவர் வீட்டுச் சோறு. இவற்றில் குற்றமில்லை, தனிமை மனிதனைத் தின்றுவிடும். ஆனால் இரண்டு வருடம் ஓர் ஊரில் இருந்து, அவ்வூரார் ஒருவரின் கவலையைக்கூட அறியாமல் திரும்புபவர் எதனைச் சாட்சி சொல்வார்?

இரண்டாவது சோதனை அவசரத் தீர்ப்பு. 1948இல் எகிப்தின் கல்வி அமைச்சு ஸையித் குத்பை அமெரிக்காவுக்கு அனுப்பியது. கொலராடோ மாநிலத்தின் கிரீலி நகரிலும் அவர் கற்றார். 1950இல் திரும்பி, தாம் கண்ட அமெரிக்காவைப் பற்றி எழுதினார். அங்கு நிலவிய நிறவெறியை அவர் கண்டித்ததில் உண்மை உண்டு. உற்பத்தியிலும் விஞ்ஞானத்திலும் அந்நாட்டின் ஆற்றலை அவர் ஒப்புக்கொள்ளவும் செய்தார். எனினும் வீட்டுப் புற்றரையிலிருந்து தேவாலய நடன விருந்துவரை அவர் கண்டதெல்லாம் ஒரே தீர்ப்புக்குச் சான்றுகளாகவே வந்து சேர்கின்றன. தஹ்தாவியும் தீர்ப்புச் சொன்னவர்தான். பாரிஸ் மக்களின் அறிவுத் தாகத்தை மெச்சிய அவர், அவர்களது கஞ்சத்தனத்தையும் எழுதினார். ஆனால் அவர்கள் சுதந்திரம் என்று அழைப்பதை எம்மவர் நீதி என்றும் நேர்மை என்றும் அழைக்கின்றனர் என விளக்க முனைந்தபோது, இரு வீட்டுக்கும் இடையில் ஒரு கதவைத் திறந்தார். தீர்ப்புச் சொல்வது தவறல்ல. புரிந்துகொள்ளுமுன் சொல்வதே தவறு.

மூன்றாவது சோதனையே மிகக் கடினமானது: விருந்தாளியின் நாக்கு. 1830 ஜூலை 5ஆம் திகதி அல்ஜியர்ஸ் நகரம் பிரெஞ்சுப் படையிடம் வீழ்ந்தது. அதே மாத இறுதியில் பாரிஸ் மக்கள் கிளர்ந்தெழுந்து தமது மன்னரை வீழ்த்தினர். தஹ்தாவி அப்போது பாரிஸில் இருந்தார். கிளர்ச்சியை விரிவாக எழுதினார். பிரெஞ்சு அரசியல் சாசனத்தையும் அரபியில் பெயர்த்துத் தந்தார். அல்ஜியர்ஸ் வெற்றியை மத வெற்றியாகக் கொண்டாடிய பேராயரைக் கண்டித்தார். அது வெறும் அரசியலும் வணிகத் தகராறும் என்றார். ஆயின் தன் குடிகளுக்குச் சாசனம் வகுத்த நாடு, அயலாரின் மண்ணை எந்த நியாயத்தில் பறிக்கிறது என்ற கேள்வியை அவர் அழுத்திக் கேட்கவில்லை. அவர் பாஷாவின் ஊழியர், பிரான்ஸின் விருந்தினர். அவரது நிலையை நாம் விளங்கிக்கொள்ளலாம். விளங்கிக்கொண்ட பின்னும் அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது எம் முன்னோர் சொல். நினைப்பது வேறு, வாயைப் பூட்டிக்கொள்வது வேறு. புல்பிரைட் புலமைப்பரிசிலை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வெளிநாடுகளில் எஞ்சிக் கிடந்த அமெரிக்கப் போர்த் தளபாடங்களை விற்ற பணத்திலிருந்து, 1946ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது பிறந்தது. சட்டத்தை முன்மொழிந்த செனட்டர் புல்பிரைட், 1956இல் பாடசாலைகளில் கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகள் ஒன்றாகக் கற்பதை எதிர்த்த தென்மாநிலப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர். அவரே பத்தாண்டுகளின் பின், தம் சொந்தக் கட்சி ஜனாதிபதியின் வியட்நாம் போரைச் செனட் விசாரணையில் பகிரங்கமாகக் கேள்விக்குட்படுத்தினார். தந்த கை முற்றிலும் தூயதல்ல, முற்றிலும் கறைபட்டதுமல்ல. எந்தக் கொடையாளரின் கையும் பெரும்பாலும் இப்படித்தான். ஆகவே மாசற்ற பணம் வரும்வரை காத்திருக்க வேண்டுமென்பதில்லை. பெற்ற பணம் எமது பார்வையை விலைக்கு வாங்கிவிடக் கூடாது என்பதே நிபந்தனை. விருந்தோம்பியவரின் வீட்டில் கண்ட நன்மையை ஊரில் மறைப்பது நன்றிகேடு. அவ்வீட்டில் கண்ட அநீதியை அங்கேயே பணிவோடு சொல்லாமல், ஊர் திரும்பிக் கைதட்டலுக்காகச் சொல்வது கோழைத்தனம்.

அமெரிக்காவின் பரிமாற்ற விசாவில் செல்லும் புலமைப்பரிசிலாளர் பலருக்கு, முடிவில் ஈராண்டுகள் தாய்நாட்டில் வாழ்ந்த பின்னரே அங்கு நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பிக்கலாம் என்ற விதி உண்டு. உடலைத் திருப்பி அனுப்ப விதி போதும். திரும்பிவந்தும் எதையும் தராதவர்கள் உண்டு. போரும் கலவரமும் காரணமாகத் திரும்ப முடியாமற்போயும், எழுத்தால், மொழிபெயர்ப்பால், ஒரு மாணவனுக்கு அனுப்பிய நூல்களால் கடன் தீர்த்தவர்களும் எம்மிடையே உண்டு.

தஹ்தாவி 1831இல் திரும்பினார். 1834இல் அவரது பயண நூல் அச்சேறியது. 1835இல் மொழிகளுக்கான கல்லூரி பிறந்தது. பின்வந்த ஆட்சியாளர் அப்பாஸ் அவரைச் சூடானின் கார்ட்டூமுக்கு அனுப்பிவைத்தார். பெயர் பள்ளிக்கூடப் பணி, உண்மை நாடுகடத்தல். அங்கிருந்தபடியே, நல்லாட்சி குறித்து ஓர் இளவரசனுக்குப் போதிக்கும் பெனலோனின் பிரெஞ்சு நூலை அரபியாக்கினார். அவரைப் பாரிஸுக்கு அனுப்பிய பாஷா அப்போது உயிரோடில்லை. எழுதிவரச் சொன்ன ஆசிரியரும் இல்லை. கணக்குக் கேட்க எவரும் இல்லாத இடத்திலும் அவர் கணக்கு ஒப்புவித்துக்கொண்டிருந்தார். பிணைமுறியில் எழுத முடியாத நிபந்தனை அதுதான்.