தெரிந்தவர் ஆட்சி

நம்மை ஆள்கிறவர் நம்மைத் தெரிந்தவராக இருப்பது நல்லதா, நம் முகமே அறியாதவராக இருப்பது நல்லதா? கேட்டவுடனே பெரும்பாலோர் முதல் பக்கம்தான் சாய்வார்கள். தெரிந்தவர் என்றால் நம் கஷ்டம் அவருக்குப் புரியும். வாசல்வரை போய்ச் சொல்லிவிட்டு வரலாம். தெரியாதவரிடம் மனுப் போட வேண்டும், காத்திருக்க வேண்டும், போன காகிதம் எங்கே போயிற்று என்று விசாரிக்க வேண்டும். ஆனால் இப்படிப் பதில் சொல்லுகிற அதே மனிதர், பணமுடை வந்தால் தெரிந்தவர் வீட்டைச் சுற்றிக்கொண்டு தெரியாத பாங்கிக்குத்தான் போகிறார். தெரிந்தவரிடம் கை நீட்டினால், வாங்கியதைத் திருப்பிக் கொடுத்த பிறகும் ஏதோ ஒன்று பாக்கி நிற்கும் என்று அவருக்குத் தெரியும்.

இந்தக் கேள்வியை வெறும் வாதமாக வைத்துக்கொண்டு பேசுவதைவிட, அதை நானூறு வருஷம் வாழ்ந்து பார்த்தவர்களிடம் போவது மேல். இங்கிலாந்தின் கிராமங்களைச் சொல்கிறேன். ஆங்கில நாவல் படித்தவர்களுக்கு அது காணாமலே பழகிய ஊர். கொடி படர்ந்த மாதா கோயில், பாதிரியார் வீட்டுத் தேநீர், குதிரைமேல் வரும் பண்ணைப் பிரபு, யாருக்கு யாரைக் கல்யாணம் செய்யலாம் என்று கவலைப்படும் தாய்மார்கள். ஜேன் ஆஸ்டினும் டிராலப்பும் நமக்கு இவர்களையெல்லாம் அறிமுகப்படுத்திவிட்டார்கள். அந்தத் தேநீர் மேஜைக்கு அதிகம் வராத ஆசாமி ஒருவர் உண்டு. ஏழைகளின் மேற்பார்வையாளர் என்று அவருக்குப் பெயர்.

அங்கே கிராமத்தின் அடிப்படை அலகு பாரிஷ். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் 'பங்கு' என்கிறார்களே, அதுதான். ஒரு கோயில், அதைச் சுற்றியுள்ள வீடுகள், ஓர் எல்லை. 1601-ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொரு பாரிஷும் தன் ஏழைகளைத் தானே காப்பாற்ற வேண்டும் என்றது. அதற்காக வருஷத்துக்கு வருஷம் ஊர்க்காரர் சிலரை மேற்பார்வையாளராக நியமித்தார்கள். அவர் அண்டை வீட்டுக்காரரிடம் வரி வசூலித்து, அடுத்த தெரு ஏழைக்குக் கொடுப்பார். பொதுவாகச் சம்பளம் கிடையாது. தள்ளவும் முடியாது.

அவர்கள் எழுதிய கணக்குப் புத்தகங்கள் ஏராளமாக அந்நாட்டு ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. நாவலாசிரியன் படிக்க வேண்டிய புத்தகங்கள் அவை. ஒரு விதவைக்கு ஒரு ஜோடி பூட்ஸ். காய்ச்சலில் கிடந்தவனுக்கு விறகு. படுத்த படுக்கையான கிழவியைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரிக்குக் கூலி. அநாதையாகச் செத்தவனுக்குச் சவப்பெட்டி. தூக்கிப் போனவர்களுக்குக் குடிக்க பீர். இந்த வரிகளை எழுதினவருக்கு அந்த விதவையின் காலளவுகூடத் தெரிந்திருக்கும். எந்தத் தலைநகரத்து அதிகாரிக்கு அது தெரியும்?

ஆனால் அதே மாதிரிக் கணக்குகளில், அதே கையெழுத்தில், இன்னொரு விதமான செலவும் வரும். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியை வண்டியில் ஏற்றி எல்லைக்கு அப்பால் கொண்டுபோய்விட்ட செலவு.

1662-இல் வந்த குடியிருப்புச் சட்டத்தின்படி, நாளைக்குப் பாரிஷின் தலையில் விழக்கூடியவர் என்று தோன்றும் புதியவரை, அவர் வந்து நாற்பது நாளைக்குள் திருப்பி அனுப்பலாம். கல்யாணமாகாதவளின் குழந்தை எந்தப் பாரிஷில் பிறக்கிறதோ அந்தப் பாரிஷுக்குச் சொந்தம் என்பது வெகு காலம்வரை விதி. ஆகவே வயிறு தெரிகிற பெண் ஒருத்தி ஊருக்குள் நின்றால், அங்கே நிற்பது ஒரு மனுஷி அல்ல, பத்து வருஷத்து வரி. வலி எடுப்பதற்குள் அவளை எல்லை தாண்டச் செய்துவிட வேண்டும். அடுத்த ஊர்க்காரன் எவனுக்காவது பணம் கொடுத்து அவசரமாகக் கல்யாணம் செய்து அனுப்பிய மேற்பார்வையாளர்களும் உண்டு.

1697-இல் இன்னொரு சட்டம். உதவி பெறுகிறவர்கள் தோளில் சிவப்பு அல்லது நீலத் துணியில் எழுத்துத் தைத்துக்கொள்ள வேண்டும்: ஏழை என்பதற்கு ஓர் எழுத்து, பாரிஷின் பெயருக்கு ஓர் எழுத்து. இதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். இருநூறு முந்நூறு பேர் வாழ்கிற ஊரில் யார் உதவி வாங்குகிறார்கள் என்பது யாருக்குத் தெரியாது? தெரிந்த ஊரில் அடையாளம் எதற்கு? தெரிந்தவர்கள் மறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். 1810 வரை அந்தச் சட்டம் ஏட்டில் இருந்தது.

பூட்ஸ் வாங்கிக் கொடுத்தவர் நல்லவர், வண்டி பிடித்தவர் கெட்டவர் என்று பிரித்துவிட முடிந்தால் நமக்கு நிம்மதி. இரண்டும் ஒரே ஆள்தான். ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனைக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை வண்டிக்காரனுக்குச் சொல்லி அனுப்பினவர். அவர் கருணை பொய் அல்ல. அதற்கு ஓர் எல்லைக்கல் இருந்தது. தன் ஊர்க்காரியை அவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருந்ததாலேயே, தன் ஊர்க்காரி அல்லாதவளும் அவர் கண்ணில் உடனே பட்டுவிட்டாள்.

தெரிந்தவர் ஆட்சியின் இந்தக் கோணலைத் தீர்க்க வந்ததுதான் 1834-ஆம் ஆண்டுச் சட்டம். தெரிந்தவன் சலுகை காட்டுவான், ஏமாறுவான், பழி தீர்ப்பான். ஆகவே பல பாரிஷ்களை ஒன்றாகச் சேர்த்து, லண்டனில் மூன்று கமிஷனர்கள் உட்கார்ந்து, எல்லோருக்கும் ஒரே விதி செய்வது என்று தீர்மானித்தார்கள். உதவி வேண்டும் என்றால் வொர்க்ஹவுஸ் என்ற விடுதிக்குள் வந்து வேலை செய். அந்த வாழ்க்கை, வெளியே உள்ள மிக ஏழைக் கூலிக்காரனின் வாழ்க்கையைவிடச் சற்று மோசமாகவே இருக்க வேண்டும் என்பது கொள்கை. முகத்தைப் பார்த்துச் சலுகை இல்லை. முகத்தைப் பார்த்துப் பழியும் இல்லை. எழுதிப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஹாம்ப்ஷயரில் ஆண்டோவர் என்ற ஊரின் விடுதியில், உரத்துக்காக எலும்பு இடிக்கும் வேலை கொடுத்திருந்தார்கள். அந்த எலும்பில் ஒட்டியிருந்த அழுகல் இறைச்சிக்காக அங்கிருந்தவர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள் என்பது 1845-இல் வெளியே வந்தது. பார்லிமெண்டு விசாரித்தது. 1847-இல் அந்தக் கமிஷனே கலைக்கப்பட்டது. சலுகை காட்டக் கூடாது என்று மூடிய கண்ணுக்குப் பசியும் தெரியாமல் போயிற்று.

ஊசல் மறுபடி திரும்பியது 1894-இல். கிளாட்ஸ்டனுக்கு அப்போது எண்பத்துநாலு வயது. காமன்ஸ் சபையில் அவர் கடைசியாகப் பேசியது அந்தக் கிராமக் கவுன்சில் மசோதாவைப் பற்றித்தான். மார்ச்சு மாதத்தில் அது சட்டமாயிற்று. முந்நூறு பேருக்கு மேல் உள்ள கிராமப் பாரிஷ்களுக்கெல்லாம் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சில். அதற்கும் சிறிய ஊர்களில் வாக்காளர் எல்லோரும் கூடுகிற கூட்டமே போதும். பெண்கள் வாக்களிக்கலாம், மணமானவர்களும் நிற்கலாம். பார்லிமெண்டுத் தேர்தலில் அவர்களுக்கு வாக்கு வர இன்னும் இருபத்துநாலு வருஷம் ஆயிற்று. பல ஊர்களில் பண்ணையாட்களும் அந்த முதல் தேர்தலில் இடம் பிடித்தார்கள்.

தேர்தல் நடந்த விதத்தைப் பாருங்கள். அந்த டிசம்பர் மாதத்து இருட்டில், பள்ளிக்கூட அறையிலே விளக்கேற்றி ஊர் கூடும். ஒவ்வொரு பெயராக வாசிப்பார்கள். வேண்டும் என்பவர்கள் கையைத் தூக்க வேண்டும். கையைத் தூக்குகிற பண்ணையாளுக்கு எதிரே அவனுடைய எஜமானர் உட்கார்ந்திருக்கிறார். அவன் குடியிருக்கும் குடிசை அவருடையது. வேலை போனால் குடிசையும் போகும். ரகசிய வாக்கெடுப்புக் கேட்க உரிமை உண்டு. ஆனால் அதைக் கேட்பதற்கும் ஒருவர் எழுந்து நிற்க வேண்டும்! ஜார்ஜ் எலியட்டின் 'மிடில்மார்ச்' படித்தவர்களுக்கு டாக்டர் லிட்கேட்டை நினைவு வரலாம். ஆஸ்பத்திரிப் பாதிரியார் பதவிக்குத் தனக்குப் பிடித்தவரை விட்டுவிட்டு, தனக்கு வேண்டிய பணக்காரரின் ஆளுக்கு அவன் வாக்களிக்கிறானே, அந்த இடம். படித்த டாக்டருக்கே அந்தக் கதி என்றால், குடிசைக்காரன் கை எவ்வளவு கனத்திருக்கும்! பாரிஷ்களில் இந்தக் கை தூக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் வெகு காலம் நீடித்தது.

இத்தனை சிரமப்பட்டுப் பெற்ற கவுன்சிலுக்கு என்ன அதிகாரம்? ஒரு பவுன் வரி மதிப்புக்கு மூன்று பென்ஸ் வரை அதுவாகச் செலவிடலாம்; அதற்கு மேல் ஊர்க் கூட்டத்தைக் கேட்க வேண்டும். அந்தக் காலத்துப் பவுனுக்கு 240 பென்ஸ். அந்தப் பணத்தில் நடைபாதை, காய்கறி பயிரிடத் துண்டு நிலம், தெரு விளக்கு, இடுகாடு, ஊர்ப் புல்வெளி. இன்றைக்கும் ஏறக்குறைய இவைதான். பஸ் நிறுத்தத்துக்கு ஒரு கூரை, வயசானவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. போட்டியே இல்லாமல் நிரம்பும் இடங்கள் அநேகம். அப்படியும் நிரம்பாத இடங்களுக்கு இருக்கிறவர்களே ஆள் தேடிச் சேர்த்துக்கொள்கிறார்கள். இந்தச் சின்ன உலகத்தை அங்கே கேலி செய்யாதவர் குறைவு. ரௌலிங் 2012-இல் பெரியவர்களுக்காக எழுதிய முதல் நாவல், பாரிஷ் கவுன்சிலில் ஒருவர் இறந்து காலியான நாற்காலியைப் பற்றியது. செஷயரில் ஹாண்ட்ஃபோர்த் என்ற ஊரின் கவுன்சிலர்கள் கணினித் திரையில் போட்டுக்கொண்ட சண்டையை 2021-இல் லட்சக்கணக்கான பேர் பார்த்துச் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விளக்குக் கம்பத்துக்காகச் சண்டை போட்டுக்கொள்ளும் கவுன்சில் யாரையும் வண்டியில் ஏற்றி அனுப்ப முடியாது. தெரிந்தவர்களிடம் இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று யாரோ அனுபவப்பட்டு முடிவு செய்த மாதிரி இருக்கிறது. ஆனால் மனுஷனுக்கு நடைபாதை மட்டும் போதாதே. வீட்டுக்கு எங்கே போவது?

அதற்கு 1894-ஆம் ஆண்டுச் சட்டமே இன்னொன்றையும் உண்டாக்கியிருந்தது. பல பாரிஷ்கள் சேர்ந்தது ஒரு கிராம ஜில்லா. அதற்கு ஒரு கவுன்சில். 1919-க்குப் பிறகு ஏழைகளுக்கு வாடகை வீடு கட்டுவது அவர்கள் கடமையாயிற்று. எல்லோரும் செய்துவிடவில்லை. பண்ணைக்காரர்கள் நிறைந்த கவுன்சில்களில் பலருக்கு அது கசந்தது. வரி ஏறும், அதைவிட, ஆளுக்குக் கவுன்சில் வீடு கிடைத்துவிட்டால் எஜமானரின் குடிசைக்கு யார் பயப்படுவார்கள்?

நார்ஃபோக்கில் லாடன் என்ற கிராம ஜில்லா வேறு மாதிரி நடந்துகொண்டது. இரண்டாவது மகா யுத்தம் முடிந்ததும் ஹெர்பர்ட் டெய்லர், டேவிட் கிரீன் என்ற இரு கட்டடக் கலைஞர்களை அழைத்தது. ஏறக்குறைய முப்பது வருஷத்தில் அவர்கள் அந்தச் சிறிய ஜில்லாவின் கிராமங்களில் சுமார் 700 வீடுகள் அமைத்தார்கள். மற்ற ஊர்களில் கவுன்சில் வீடு என்றால் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். ஒரே அச்சு, ஒரே சாம்பல் நிறம். இவர்கள் வீடுகளை வரிசையாகச் சேர்த்துக் கட்டினார்கள். ஊருக்கு ஊர் வண்ணம் மாற்றினார்கள். முதியவர்களுக்கு மாடியில்லாத வீடுகள் செய்தார்கள். செங்கல்லாலேயே சுவரில் கோலம் போட்டு, கட்டிய ஆண்டையும் பொறித்தார்கள். ஏழையின் தோளில் எழுத்துத் தைத்த தேசத்தில், ஏழையின் வீட்டுச் சுவரில் ஆண்டு எழுதுவது சின்னக் காரியம் அல்ல. அவற்றில் சிலவற்றைப் பின்னால் பாதுகாக்க வேண்டிய கட்டடங்களாகச் சர்க்காரே பட்டியலில் சேர்த்தது.

இது எப்படி முடிந்தது? கலைஞர்களின் திறமை ஒரு காரணம். தூரம் இன்னொரு காரணம் என்பது என் எண்ணம். அந்தக் கவுன்சில்காரர்களுக்கு ஒவ்வொரு கிராமத்தின் மண்ணும் காற்றும் தெரியும்; இன்னாருடைய பெண் இன்னாரோடு சுற்றினாள் என்பது எல்லாக் கிராமத்திலும் தெரிந்திருக்காது. குளிர் காய்கிறவர் நெருப்புக்கு எவ்வளவு தள்ளி உட்கார வேண்டும் என்பது நமக்குப் பழகிய பாடம். அரசனிடம் வேலை பார்ப்பவனுக்குச் சொன்ன பாடம் அது. ஆளுகிறவருக்கும் பொருந்தும் போலிருக்கிறது.

1974 ஏப்ரலில் கிராம ஜில்லாக்கள் எல்லாம் எடுபட்டன. லாடன், சவுத் நார்ஃபோக் என்ற பெரிய ஜில்லாவுக்குள் போயிற்று. பெரிதாக இருந்தால் செலவு குறையும் என்ற வாதம் அதோடு நிற்கவில்லை. 2023-இல் வடக்கு யார்க்ஷயரின் ஏழு ஜில்லாக்களையும் கலைத்து, எண்ணாயிரம் சதுர கிலோமீட்டருக்கு ஒரே கவுன்சில் ஆக்கினார்கள். 2024 டிசம்பரில் வெளியான சர்க்கார் அறிக்கை, எஞ்சிய ஜில்லாக்களுக்கும் அதையே முன்மொழிந்தது. மலை இடுக்கில் இருபது வீடு உள்ள ஊருக்கு மேலே, நேராக அந்தப் பெரிய கட்டடம்தான். நடுவில் இருந்த திண்ணை போய்விட்டது.

வீட்டுப் பிரச்னை போகவில்லை. அழகான கிராமங்களில் நகரத்துக்காரர்கள் விடுமுறைக்கு வீடு வாங்குகிறார்கள், விலை ஏறுகிறது, அங்கேயே பால் கறக்கிறவனுக்கும் பள்ளிக்கூடத்து ஆயாவுக்கும் ஊருக்குள் இடமில்லை. புது வீடு கட்ட மனு வந்தால் பாரிஷ் கவுன்சிலின் கருத்தைக் கேட்கிறார்கள். முடிவு செய்கிற அதிகாரம் அதற்கு இல்லை. கருத்து அநேகமாக எப்படி வரும் என்று ஊகிக்கலாம். காட்சி கெடும், பாதை தாங்காது, சாக்கடை போதாது. சொல்கிறவர்கள் கெட்டவர்கள் அல்ல. தாங்கள் நேசிக்கிற ஊரைக் காப்பாற்றுகிறார்கள்.

இதற்கு மாற்றாக, ஊரின் விளிம்பில், சாதாரணமாக வீடு கட்ட விடாத நிலத்தில், குறைந்த வாடகைக்குச் சில வீடுகள் மட்டும் கட்ட அனுமதிக்கும் ஏற்பாடு ஒன்று சுமார் முப்பத்தைந்து வருஷமாக அங்கே இருக்கிறது. ஊர் சம்மதிப்பதற்காகவே அதில் ஒரு நிபந்தனை. வீடு கேட்கிறவர் தமக்கும் அந்தப் பாரிஷுக்கும் உள்ள தொடர்பைக் காட்ட வேண்டும்: இங்கே பல வருஷம் வாழ்ந்தவர், அல்லது இங்கே வேலை பார்ப்பவர், அல்லது நெருங்கிய உறவினர் இங்கே இருப்பவர். நிபந்தனையை எடுத்துவிட்டால் வீடுகளே எழும்பாது என்கிறார்கள், உண்மையாகத்தான் இருக்கும். நான் அந்த ஊர்க்காரனாக இருந்தால் அதற்குக் கையைத் தூக்கியிருப்பேன். எந்தப் பாரிஷையும் காட்ட முடியாத ஒருத்தி அதே மனுவோடு வந்து நின்றால் கவுன்சில் குமாஸ்தா அவளை உட்காரச் சொல்லி, மரியாதையாகவே பேசி, அடுத்த ஊரில் விசாரிக்கச் சொல்லுவார்.