அம்மாவின் களைப்புக்கு என்ன மருந்து?

உங்கள் வீட்டில் தாயாரோ மனைவியோ "உடம்பு ஒரே அசதியாய்க் கிடக்கு" என்று சொன்னால் என்ன மறுமொழி சொல்வீர்கள்? "ஒரு மல்லிக் கோப்பி போட்டுக் குடியுங்கோ" என்பதுதான் பெரும்பாலும் எங்கள் வாயில் வருகிறது. அந்தக் கோப்பியையும் அவரே எழும்பிப் போய்ப் போடவேண்டும் என்பதை அந்நேரம் எவரும் நினைப்பதில்லை.

கோப்பியை நான் குறைசொல்ல வரவில்லை. மல்லியும் வேர்க்கொம்பும் மிளகும் சேர்த்து வறுத்து இடித்த தூளில் கொதிநீரை ஊற்றி, பனங்கட்டித் துண்டொன்றைக் கடித்துக்கொண்டு குடித்தால் காய்ச்சல்காரனுக்கும் உசார் வரும். ஒடியற்கூழ், குரக்கன் பிட்டு, முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல் ஆகியவற்றை உண்டு வளர்ந்தவர்கள் தீவுப்பகுதி மக்கள். நெடுந்தீவின் கல்வேலிகளைக் கோலியதும், ஊர்காவற்றுறைக் கடலில் வலை இழுத்ததும் அந்தச் சாப்பாட்டின் பலத்தில்தான். இன்று அந்த உணவுகளை விட்டுவிட்டுச் சத்து மாவு ரின்னைத் தேடிக் கடைக்கு ஓடுகிறோம் என்பது தனியே பேசவேண்டிய சங்கதி.

மூலிகை குடிப்பது விசுவாசக் குறைவு என்று எண்ணும் பக்தர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சீராக் ஞான நூலின் 38ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசிக்கட்டும். மண்ணில் முளைக்கும் மருந்து கடவுளின் கொடை என்றும், வைத்தியரைக் கனம்பண்ண வேண்டும் என்றும் அங்கே போதிக்கப்படுகிறது. சாகும் தறுவாயில் கிடந்த எசேக்கியா அரசனுக்கு அத்திப்பழ அடையைப் புண்ணில் வைத்துக் கட்டச் சொன்னவர் எசாயா இறைவாக்கினர். ஆகவே மருந்தில் பாவமில்லை. நான் கேட்க வந்த கேள்வி வேறு. எதற்காக அந்தப் பலத்தைத் தேடுகிறோம்?

முன்னாளில் பரியாரியாரிடம் போனால் நாடி பார்ப்பார். தூக்கம் எப்படி, வீட்டில் என்ன பிரச்சினை என்றெல்லாம் விசாரிப்பார். சூரணமோ கஷாயமோ கட்டிக் கொடுப்பார். கொடுக்கும்போது பத்தியமும் சொல்லி அனுப்புவார். இன்னது தின்னாதே, வெயிலில் திரியாதே, இத்தனை நாள் பாரவேலை செய்யாதே என்பார். மருந்து பாதி, பத்தியம் பாதி. நோயாளி பத்தியம் காக்கவேண்டுமென்றால் வீட்டிலுள்ள மற்றவர்கள் அவருடைய வேலையைப் பங்கிட்டுத்தான் ஆகவேண்டும். மருந்து ஒருவருக்கு, பத்தியமோ முழுக் குடும்பத்துக்கும்!

இன்று மருந்து மட்டும் வருகிறது, பத்தியம் வருவதில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் பொதிகளில் அமுக்கிராக் குளிசைப் போத்தல்களும் இருக்கின்றன. அசுவகந்தா என்ற பெயரில் உலகமெங்கும் விற்பனையாகும் பொருள் இதுதான். அதைச் சில வாரங்கள் உட்கொண்டவர்களுக்கு மன நெருக்கீடு சற்றுக் குறைந்ததாகவும் தூக்கம் ஓரளவு கூடியதாகவும் ஆய்வுகள் உண்டு. ஆயினும் அதனால் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. கர்ப்பவதிகள் அதைத் தொடக்கூடாது. தைரொயிட் நோய்க்கோ தூக்கத்துக்கோ மருந்தெடுப்பவர்கள் டொக்டரைக் கேளாமல் உட்கொள்ளக்கூடாது. டென்மார்க் நாடு 2023இல் அதைத் தடையே செய்துவிட்டது. மூலிகைதானே, என்ன செய்யும் என்று சொல்பவர்கள் அலரி விதையும் மூலிகைதான் என்பதை நினைத்துக்கொள்ளட்டும்.

கோப்பியின் சங்கதியும் கவனிக்கத் தக்கது. நாங்கள் விழித்திருக்கும் நேரமெல்லாம் அடினோசின் என்ற பொருள் மூளையில் சேர்ந்துகொண்டே வருகிறது. "போதும், படு" என்று எமக்குச் சொல்வது அதுதான். கோப்பியிலும் தேத்தண்ணியிலும் உள்ள கபீன் அந்தக் குரல் கேளாதபடி காதைப் பொத்திவிடுகிறது. குரல் ஓய்வதில்லை, எமக்குக் கேட்பதில்லை, அவ்வளவுதான். இன்னுமொன்று: சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். எத்தனையோ தாய்மாருடைய "அசதி" உண்மையில் இரத்தச்சோகையாகவும் சலரோகமாகவும் தைரொயிட் குறைவாகவும் இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் இரத்தம் சோதிக்கலாம். ஆனால் நெடுந்தீவிலிருந்தோ நயினாதீவிலிருந்தோ குறிகாட்டுவானுக்குப் படகேறி, பிறகு பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போய்வர ஒரு பகல் முழுவதும் வேண்டும். அந்த ஒரு நாள் வீட்டை யார் பார்ப்பது என்ற கேள்வியில்தான் பல சோதனைகள் நின்றுபோகின்றன.

எலியா இறைவாக்கினர் சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாவைக் கேட்டாரல்லவா? அரசர்கள் முதல் நூல் 19ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். வானதூதர் வந்து அவருக்குப் புத்தி சொல்லவில்லை, செபம் போதாதென்று கடிந்துகொள்ளவுமில்லை. சுட்ட அப்பமும் தண்ணீரும் வைத்து எழுப்பினார். எலியா உண்டு, குடித்து, மறுபடியும் படுத்தார். தூதர் படுக்க விட்டார்! இரண்டாம் முறை எழுப்பி உண்ணச் செய்த பின்புதான் நாற்பது நாள் வழிநடை. அப்பத்தை எலியாவே சுடவேண்டியிருக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

புனித தோமாஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டில் தமது பெரிய இறையியல் நூலில் மனத்துயருக்குப் பரிகாரங்களை ஆராய்கிறார். ஐந்து காட்டுகிறார்: மனதுக்கு உவப்பானது, கண்ணீர், நண்பரின் பரிவு, உண்மையைத் தியானித்தல், கடைசியாகத் தூக்கமும் குளிப்பும். இவ்வளவு பெரிய மறைவல்லுநர் தூக்கத்தையும் குளிப்பையும் அற்பமென்று தள்ளவில்லை. அதற்கு அவர் புனித அகுஸ்தீனாரைச் சாட்சிக்கு அழைக்கிறார். 387இல் தாயார் மோனிக்கம்மாள் இறந்தபோது அகுஸ்தீனார் குளித்துப் பார்த்தார், துயரம் கழுவுப்படவில்லை. உறங்கி எழும்பினார், பாரம் சற்றுக் குறைந்திருந்தது. (நல்ல தண்ணீருக்கு அலையும் நெடுந்தீவுத் தாய்மாருக்கு எண்ணெய் முழுக்கைச் சிபாரிசு செய்ய எனக்கு வாய் வரவில்லை. ஆனால் தூக்கத்துக்குத் தண்ணீர் வேண்டாமே.)

அந்த ஐந்தில் கண்ணீரும் பரிவும் தீவகத்தாருக்குப் புதியவையல்ல. 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பெண்களும் குழந்தைகளுமாகப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1990 ஆகஸ்டில் ஊர்காவற்றுறைப் பக்கத்துக் குடும்பங்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியேறின. இத்தகைய துயரத்துக்கு எந்த வேரை அரைத்துக் கொடுப்பது? 'மனவடு' என்ற நூலை எழுதிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் காயத்தைத் தனியாளின் காயமாக மட்டும் பார்க்காமல் சமூகத்தின் காயமாகவும் பார்த்தார். உறவும் ஊரும் சடங்குகளும் கூடித்தான் அது ஆறவேண்டும் என்றார். ஆண்டுதோறும் அந்த நாளில் நெடுந்தீவார் கூடி நின்று விளக்கேற்றி அழுவதை அக்குவினாஸ் கண்டிருந்தால் தலையசைத்திருப்பார்.

ஊர்த்துயரத்துக்குக் கூடத் தெரிந்த எமக்கு, ஒரு வீட்டுக்குள் ஒருத்தி படும் களைப்புக்கு மட்டும் ஏன் கூடத் தெரியவில்லை? அவருக்குப் போத்தல் வாங்கிக் கொடுக்கிறோம். இதில் அன்பு இல்லாமலில்லை. ஆனால் அந்தப் பலம் வந்தபின் அவர் என்ன செய்யவேண்டுமென்று எதிர்பார்க்கிறோம்? நேற்றுச் சுமந்த அதே பாரத்தை முறைப்பாடில்லாமல் நாளையும் சுமக்கவேண்டும் என்றுதானே? அப்படியானால் மாட்டுக்குப் பிண்ணாக்கு வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஓய்வுநாள் கட்டளையைத் திரும்ப வாசித்தேன். நீ, உன் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, உன் ஊரில் தங்கும் அந்நியன் என்று பட்டியல் நீளுகிறது. மனைவி என்ற சொல் அதில் இல்லை. "நீ" என்பதற்குள் அவளும் அடக்கம் என்று விளக்கம் சொல்வார்கள், அது சரிதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீடு திரும்பியதும் உடுப்பு மாற்றிக்கொண்டு நேரே குசினிக்குள் போவது யாரென்று பாருங்கள். அந்தப் பட்டியலை எங்கள் வீடுகள் எப்படி விளங்கிக்கொண்டன என்பது தெரியும். இந்த ஞாயிறு மல்லிக் கோப்பியை நீங்களே போடுங்கள், வாசகரே. வேர்க்கொம்பைக் கொஞ்சமாய்ப் போடுங்கள், கூடினால் காறும். போட்டுக் கொடுத்துவிட்டு, அவரைப் படுக்க விடுங்கள்.