அனுமதி

2019 அக்டோபரில் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அம்மாவின் போனில் டோடோக் செயலியை ஏற்றிக் கொடுத்தது நான்தான். வளைகுடாவில் வாழாதவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம். கூப்பிட்டுப் பேச முடியாது. அப்போது ஸ்கைப்பும் அப்படித்தான் இருந்தது. அனுமதி பெற்ற ஒன்றிரண்டு செயலிகளுக்கு அப்போது மாதாமாதம் பணம் கட்ட வேண்டியிருந்தது. அந்த வருடம் டோடோக் வந்தது. காசில்லை, முகமும் குரலும் தெளிவாக வந்தன. ஷார்ஜா அல் நஹ்தாவில் எங்கள் கட்டடத்து வாட்ச்மேன் கையிலும் அதுதான், என் கையிலும் அதுதான்.

ஏற்றும்போது போன் ஒவ்வொன்றாகக் கேட்டது. தொடர்பு எண்கள், மைக், கேமரா, இருக்கும் இடம். “என்ன மக்ளே கேக்கு அது?” என்றாள் அம்மா. “ஒண்ணுமில்லம்மா” என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றுக்கும் சம்மதம் அழுத்தினேன்.

டிசம்பர் 22 அன்று நியூயார்க் டைம்ஸில் செய்தி வந்தது: அது அமீரக அரசு உளவு பார்க்கப் பயன்படுத்தும் கருவி என்று. செய்தி வரும் முன்பே கூகுளும் ஆப்பிளும் தங்கள் கடைகளிலிருந்து அதை எடுத்திருந்தன. நடத்தியவர்கள் மறுத்தார்கள். கூகுள் ஜனவரியில் திரும்பச் சேர்த்து, பிப்ரவரியில் மறுபடி நீக்கியது. உண்மை எதுவென்று தீர்ப்புச் சொல்ல நான் யாருமில்லை. என்னை உறுத்தியது வேறு. அந்தச் செயலியைப் பிரித்துப் பார்த்த பாதுகாப்பு ஆய்வாளர் அதில் கள்ளச் சாவியோ பின்வாசலோ எதையும் காணவில்லை. அது கேட்டது, நாங்கள் கொடுத்தோம். அவ்வளவுதான்.

கேட்கும் அந்தப் பெட்டிகளைச் செய்வதுதான் என் தொழில். ஐபோனில் ஏன் கேட்கிறோம் என்ற ஒரு வரிக் காரணத்தைச் செயலி எழுதுபவரே எழுத வேண்டும். 2016லிருந்து அந்த வரி இல்லாவிட்டால் கேட்கும் இடத்திலேயே செயலி விழுந்துவிடும். “உங்கள் நண்பர்களைக் கண்டுபிடிக்க” என்று நான் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்தப் பட்டியல் எந்த நாட்டு சர்வருக்குப் போகும், எத்தனை வருடம் கிடக்கும் என்பதை மட்டும் அந்த வரி சொல்லாது.

ஆண்ட்ராய்டில் இன்னொன்று உண்டு. இன்று யாரும் ஒரு செயலியை முதலிலிருந்து எழுதுவதில்லை. யார் யாரோ எழுதிய லைப்ரரிகளை ஒவ்வொரு வரியில் இழுத்து வந்து கோக்கிறோம். அப்படி வரும் லைப்ரரி தனக்கு வேண்டிய அனுமதிகளையும் கூடவே கொண்டுவந்து நம் மேனிஃபெஸ்ட் கோப்பில் சேர்த்துவிடும். வேண்டாம் என்றால் நாம் தனியாக எழுதித்தான் நீக்க வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு கடைச் செயலி, வாங்குபவர் இருக்கும் இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. எங்களில் யாரும் அதை எழுதவில்லை. விளம்பர லைப்ரரி ஒன்றோடு வந்திருந்தது. மேலாளரிடம் சொன்னேன். “கேட்டுத்தானே எடுக்கிறோம், பிடிக்காதவர்கள் மறுக்கட்டுமே” என்றார். விசா அந்த வேலையில் இருந்தது. பையனின் பள்ளிக் கட்டணமும். பேசாமல் வந்துவிட்டேன்.

அவர் சொன்னதில் தவறு எங்கே என்று பல நாள் யோசித்தேன். அம்மாவின் போனில் மீன்காரி நம்பர் உண்டு, தையல்காரர் நம்பர் உண்டு, இறந்துபோன அப்பாவின் நம்பர்கூட உண்டு. அவர்களில் யாரையும் யாரும் கேட்கவில்லை. முன்பு இதே எண்களை அம்மா ஒரு நோட்டில் எழுதி டெலிபோன் பக்கத்தில் வைத்திருந்தாள். வழியில் போகிறவன் கேட்டால் அந்த நோட்டைத் தூக்கிக் கொடுத்திருப்பாளா? மாட்டாள். அவளிடம் இருந்ததால் மட்டும் அது அவளுடையதாகிவிடவில்லை. அவளுக்கே கொடுக்க உரிமையில்லாததை அவளுக்காக நான் கொடுத்தேன்.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடையிலிருந்து நீக்கிய பிறகும் ஏற்கெனவே ஏற்றியவர்கள் போனில் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. செய்தியைப் படித்த பிறகும் மூன்று வாரம் அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. தினமும் ராத்திரி அவள் முகத்தைப் பார்த்தேன். யாரோ கேட்கலாம், பார்க்கலாம் என்று தெரிந்தே பார்த்தேன். வேறு வழி எல்லாம் அடைத்துவிட்டு ஒரு வழியை மட்டும் திறந்து வைத்து, வருகிறாயா என்று கேட்டால், அதற்குச் சொல்லும் ‘சரி’ எந்த வகைச் சம்மதம்? எனக்கு இன்னும் பதில் இல்லை. அந்தக் கடைச் செயலியின் அடுத்த பதிப்பில் இட அனுமதியை நீக்கும் ஒற்றை வரியைச் சேர்த்தேன். எதுவும் உடையவில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை. இத்தனை எளிது என்பது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது வேறொரு செயலியை ஏற்றினேன். இந்தத் தடவை பெட்டியில் இருந்ததை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“மீன்காரி நம்பரும் இதுல போவுமா?”

“போகும்மா.”

“அப்ப அவகிட்ட கேக்கணும்லா மக்ளே?”

மறுப்பை அழுத்தினேன். செயலி வேலை செய்தது. என் எண்ணை மட்டும் கையால் போட வேண்டியிருந்தது.