வாசிப்பின் கடன்

ஒரு கல்லில் எழுதியிருப்பது முக்கியமா, எழுதியிருப்பதாக ஜனங்கள் நம்பி வந்தது முக்கியமா? கவிதையை முன்னிட்டு நாம் ஓயாமல் போடும் இந்தச் சண்டை, சென்னை பரங்கிமலையில் ஸ்தூலமாகவே நிற்கிறது.

1547இல் போர்த்துக்கீசியர்கள் மலையுச்சியில் தோண்டியபோது ஒரு கற்சிலுவை கிடைத்தது. மேலே இறங்கும் புறா, கீழே இலைகள், சுற்றிலும் வளைவாக ஒரு வரி எழுத்து. எழுத்து யாருக்கும் புரியவில்லை. கற்றறிந்த பிராமணர் ஒருவரை வரவழைத்தார்கள். அவர் வாசிப்பில் தோமையார் இங்கு வந்ததும் உயிர்த்தியாகம் செய்ததும் விஸ்தாரமாக வெளிப்பட்டன. சில சொற்களே கொண்ட வரி ஒரு சரித்திரமாயிற்று. கேட்டவர்கள் எதைக் கேட்க விரும்பினார்களோ அதையே கல் சொல்லிற்று.

முந்நூறு வருஷங்களுக்கும் மேல் கழித்து, 1873இல், ஏ. ஸி. பர்னல் அது பஹ்லவி, அதாவது மத்திய காலப் பாரசீக எழுத்து, என்று நிறுவினார். தஞ்சாவூரில் ஜில்லா ஜட்ஜாக இருந்தவர். சரஸ்வதி மகால் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர். அவர் வாசிப்பை ஹவுக் திருத்தினார், வெஸ்ட் திருத்தினார். 1920களின் கடைசியில் வின்க்வொர்த் என்பவர் தந்த வாசிப்பின்படி, அது ஒரு வேண்டுதல்: இதை வெட்டிய சிரியனான, சஹார்புக்த் மகன் அஃப்ராஸ் மீது கிறிஸ்து இரங்க வேண்டும். அதுவும் முடிந்த முடிவல்ல. பிறகு வந்தவர்கள் அதையும் மறுத்திருக்கிறார்கள். ஆனால் எந்த அறிஞர் வாசிப்பிலும் தோமையாரின் கதை இல்லை.

'அதனால் என்ன? நம்பினவர்களுக்கு நிம்மதி கிடைத்ததல்லவா' என்று கேட்கலாம். இது லேசான வாதமல்ல. பாதையோரத்துச் சுமைதாங்கிக் கல்லை எடுத்துக்கொள்வோம். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன ஒருத்தியின் ஞாபகமாக நட்டது. அவள் பெயர் தெரியாமலே எத்தனையோ பேர் தலைச்சுமையை அதன்மேல் இறக்கி மூச்சு விட்டிருக்கிறார்கள். அவர்கள் அவளுக்குத் துரோகம் செய்யவில்லை. உபயோகத்திலேயே கல் தன் அர்த்தத்தைக் காப்பாற்றிக்கொண்டது.

மாறாக, மூலம் ஒன்றே அர்த்தம் என்று தீர்மானித்தால் என்ன ஆகும்? சேலத்துத் தலைவெட்டி முனியப்பன் புத்தர் சிலை என்று 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது, பூஜை கூடாதென்றது. புத்தருக்கு அவருடைய பெயர் திரும்பக் கிடைத்தது நியாயம்தான். முனியப்பனை நம்பிக் கும்பிட்டவர்களின் காலம் முழுவதையும் வெறும் பிழை என்று எழுதிவிட முடியுமா என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

ஆகவே பிரச்சினை மூலத்துக்கும் உபயோகத்துக்கும் இடையில் இல்லை. முனியப்பனைக் கும்பிட்டவன் எதையும் வாசித்துச் சொல்வதாகப் பாவனை செய்யவில்லை. சுமையை இறக்கினவனும் அப்படியே. பரங்கிமலையில் வாசித்தவர் செய்தது வேறு. தெரியாத எழுத்தைத் தெரிந்ததாகச் சொல்லி, படிக்கத் தெரியாதவர்களின் கண்ணாக நின்றார். ஜெகதாப்பட்டினம் போன்ற ஊரில் வங்கி வேலை பார்க்கிறவனுக்கு இதன் கனம் புரியும். கைநாட்டு வைக்கும் கிழவர் பாஸ்புத்தகத்தை நீட்டி, 'என்ன போட்டிருக்கு, படிச்சுச் சொல்லுங்க தம்பி' என்கிறார். சொல்லப்போவதுதான் அவருக்கு உண்மை. சரிபார்க்க அவருக்கு வழியில்லை. அவர் முகம் மலரட்டும் என்று ஒரு சைபர் கூட்டிச் சொன்னால் அது கருணையாகுமா?

தப்பாகப் படிப்பது குற்றமல்ல. பர்னலும் தப்பாகப் படித்திருக்கலாம். அவர் எந்த எழுத்தை எப்படிப் படித்தார் என்று காட்டினார். அதனால்தான் அடுத்தவர் மறுக்க முடிந்தது. மறுக்க இடம் வைக்கும் வாசிப்பு, தப்பானாலும் ஒழுக்கமுள்ளது. மறுக்க இடம் வைக்காதது, தற்செயலாகச் சரியாகிவிட்டாலும் ஒழுக்கமற்றது. நம் விமர்சனத்தில் இரண்டாவது வகை மலிந்துவிட்டது. கவிஞன் சொன்னது சில சொற்கள். அதிலிருந்து யுகப் பிரக்ஞையையும் வர்க்கப் போரையும் வாசித்துக் காட்டுகிறோம். எந்தச் சொல்லில் அது இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னால் கோபம் வருகிறது.

பரங்கிமலைக்கு ஒருதரம் போயிருந்தேன். சிலுவை பீடத்துச் சுவரில் பதிந்திருக்கிறது. முன்னால் ஒரு நடுவயது அம்மாள் முழங்காலிட்டு, 'இரக்கம் வையும் ஆண்டவரே' என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். வின்க்வொர்த் சரியென்றால், கல்லும் அதையேதான் சொல்கிறது. இதை வைத்து, படிக்காத பக்தியே சரியான வாசிப்பு என்று முடிக்க ஆசையாயிருக்கும். முடிக்கக்கூடாது. அவள் வேண்டியது தனக்காக. அஃப்ராஸ் என்று ஒருவன் இருந்தான், அவனும் பயந்தான், தகப்பன் பெயரைச் சொல்லி இரக்கம் கேட்டான் என்பது, எழுத்தோடு மல்லுக்கட்டினவர்களால்தான் நமக்குத் தெரிய வந்தது. அப்போஸ்தலரின் புகழுக்குக் கீழே ஒரு சாதாரணன் முந்நூறு வருஷம் புதைந்து கிடந்தான். மண்ணிலிருந்து தோண்டி எடுத்தபின் நேர்ந்த புதைப்பு அது.

இந்தக் கடலுக்கு அக்கரையில், அனுராதபுரத்தில், 1912இல் இதே ஜாதிச் சிலுவை ஒன்று கிடைத்தது. போர்த்துக்கீசியர்கள் விட்டுப்போனதென்று எண்ணி, பிறகுதான் பாரசீகக் கிறிஸ்தவர்களோடு சேர்த்தார்கள். அதில் எழுத்தே கிடையாது. எழுத்தில்லாத கல்லைப் பற்றி நாம் எவ்வளவு வேண்டுமானாலும் கற்பனை செய்யலாம்; யார் வேண்டுதலும் அங்கே மறிக்காது. எழுதப்பட்ட கல்லிடம் அந்தச் சுதந்திரம் நமக்கில்லை. அங்கே ஒருவன் ஏற்கனவே பேசிக்கொண்டிருக்கிறான். அவனை முடிக்க விடுவதுதான் வாசிப்பின் முதல் கடன். நம் பேச்சு அதற்குப் பிறகு.