பஞ்சரில் நிற்கும் தவம்

2005 அக்டோபர். ஹவாயின் கோனாவில் அயர்ன்மேன் டிரையத்லான் உலகப் போட்டி. முந்தைய ஆண்டு பட்டம் வென்ற ஜெர்மானியர் நார்மன் ஸ்டாட்லர், எரிமலைக் குழம்பு உறைந்து கருத்துக் கிடக்கும் வெளியில் சைக்கிளோடு நிற்கிறார். டயர் பஞ்சர். அவருடையது ட்யூபுலர் டயர், அதாவது ரிம்மில் பசை தடவி ஒட்டியது. பழையதைக் கையாலேயே பிய்த்தெடுத்துவிட்டு, மடித்து வைத்திருக்கும் உதிரி டயரை மாட்ட வேண்டும். பிய்த்துப் பார்க்கிறார், வரவில்லை. பசையை அதிகமாகப் போட்டுவிட்டார்கள் என்று அவர் கத்தியதும், சைக்கிளைத் தூக்கி வீசியதும் கேமராவில் அப்படியே பதிவாகிவிட்டன. அந்தக் காட்சியைப் பார்த்துச் சிரிக்காத டிரையத்லான்காரர் குறைவு. சிரிப்பவர்கள் எல்லோருக்கும் உள்ளூர ஒரு நடுக்கமும் இருக்கும்.

கடலில் 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதன்மேல் ஒரு முழு மாரத்தானும் ஓடுகிற மனிதர் அவர். கால் பிடித்து இழுப்பதும் வயிறு புரட்டுவதும் அவருக்குப் பழகிப்போனவை. அவற்றை வருடக்கணக்கில் பொறுத்த ஒருவரை ஒரு கரண்டிப் பசை கவிழ்த்துவிட்டது. பொறுமை என்று நாம் எதைச் சொல்கிறோம் என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது.

இந்த வீரர்களைப் பற்றி எழுதும்போது ‘தவம்’ என்ற சொல் பத்திரிகைக்காரர்களின் பேனாவில் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தப்பில்லை. விடியுமுன் நீச்சல் குளம். எத்தனை முறை அலசினாலும் தலைமுடியை விட்டுப் போகாத குளோரின் வாடை. வேலை முடிந்து வந்ததும் அறைக்குள் ஸ்டாண்டில் பூட்டிய சைக்கிளில் இரண்டு மணி நேரம். எதிரே மின்விசிறி, கீழே விரித்த துண்டு சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். தொடை உரசும் இடங்களில் வாஸலின், கறுத்துப்போய் எப்போது விழும் என்று காத்திருக்கும் கால் நகம். சாப்பாட்டுக்குக்கூடப் பயிற்சி உண்டு: சைக்கிளில் போகும்போது மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்தை வயிறு ஏற்றுக்கொள்ளப் பழக்க வேண்டும். அந்தப் பசை போன்ற ஜெல்லை மூன்றாவது மணி நேரத்தில் விழுங்குவதற்கு, உண்மையிலேயே, கொஞ்சம் வைராக்கியம் வேண்டும்தான். ராத்திரி ஒன்பதுக்கு மேல் விழித்திருக்க முடியாது. கல்யாண வரவேற்புக்குப் போனால் முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடும் ஆசாமி அவர்.

கிட்டத்தட்ட இதே பட்டியலை ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் போட்டார். எபிக்டெட்டஸ் அடிமையாக வாழ்ந்து விடுதலை பெற்ற ஸ்டோயிக் தத்துவவாதி. அவருடைய போதனைகளை மாணவர் அர்ரியன் தொகுத்த கையேட்டில், ஒலிம்பிக்கில் வெல்ல ஆசைப்படும் ஒருவனிடம் அவர் பேசும் இடம் வருகிறது. சொன்னதைத்தான் தின்ன வேண்டும், தின்பண்டம் கூடாது, வெயிலிலும் குளிரிலும் குறித்த நேரத்துக்குப் பயிற்சி செய்ய வேண்டும், குளிர்ந்த நீர் கூடாது, வைத்தியனிடம் ஒப்படைப்பதுபோல் பயிற்சியாளனிடம் உன்னை ஒப்படைக்க வேண்டும். கை பிசகலாம், புழுதியை விழுங்கலாம், அத்தனைக்கும் பிறகு தோற்கவும் தோற்கலாம். இதையெல்லாம் யோசித்துப் பார்த்த பிறகும் ஆசை இருந்தால் இறங்கு என்கிறார். ஆசையைக் கேலி செய்யவில்லை அவர். விலையைத்தான் முன்கூட்டியே சொல்கிறார்.

ஆனால் அந்தப் பட்டியலில் பெரும்பகுதி, வீரர் தானே தேர்ந்தெடுத்த கஷ்டம். நாலரை மணி அலாரத்தை அவரே வைக்கிறார். வலி எப்போது வரும், எவ்வளவு நேரம் இருக்கும், எப்போது நிறுத்தலாம் என்பது அவர் கையில். அவரை உண்மையில் வாட்டுபவை வேறு. கோனா சாலையில் ஹாவி ஊரை நெருங்கும்போது பக்கவாட்டில் அறையும் காற்று. முன்னால் போகும் சைக்கிளுக்குப் பின்னே குறிப்பிட்ட இடைவெளி விட வேண்டும் என்பது விதி. இவர் விட்ட இடைவெளியில் இன்னொருவர் புகுந்த அதே நொடியில் நடுவரின் மோட்டார் சைக்கிள் வந்துவிட்டால், தண்டனைக் கூடாரத்தில் ஐந்து நிமிடம் நிற்க வேண்டியவர் இவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மழை பெய்து சேன் நதி நீர் கெட்டது. ஆண்கள் போட்டி ஜூலை 30-லிருந்து மறுநாளுக்குத் தள்ளிப்போனது. வாழ்நாளிலேயே உச்சமான உடல்நிலையை ஒரு குறிப்பிட்ட காலைக்கென்று செதுக்கி வைத்தவர்கள், நதியில் கிருமி எவ்வளவு என்ற ஆய்வுக்கூட முடிவுக்காகக் காத்திருந்தார்கள்.

பகவத் கீதையின் பதினேழாம் அத்தியாயம் தவத்தைத் தரம் பிரிக்கிறது. பலனை விரும்பாமல் செய்வது சாத்விகம். மரியாதைக்கும் புகழுக்கும் பகட்டுக்கும் செய்வது ராஜசம், அது நிலைக்காது. மூட பிடிவாதத்தால் தன்னையே வதைத்துக்கொள்வது தாமசம். ஓடி முடித்து மூச்சு வாங்கும்போதே கைபேசியில் வேகத்தையும் தூரத்தையும் பதிவேற்றி, எத்தனை பேர் பாராட்டினார்கள் என்று எண்ணுகிற தவம் எந்த வகை என்று சொல்லத் தேவையில்லை. எலும்பில் விரிசல் கண்ட பிறகும் வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது மூன்றாவது வகை. சாத்விகம்தான் சிக்கல். பலனை விரும்பாத ஒருவர் போட்டிக்குப் பணம் கட்டிப் பெயர் கொடுப்பாரா?

இந்தக் கேள்விக்கு ஒரு புகழ்பெற்ற பதில் உண்டு. அமெரிக்கரான மார்க் ஆலன் கோனாவில் ஆறு முறை இறங்கி ஆறு முறையும் வெல்லாதவர். 1989-இல் ஏழாம் முறை, ஆறு தடவை பட்டம் வென்றிருந்த டேவ் ஸ்காட்டோடு ஏறக்குறைய எட்டு மணி நேரம் தோளுக்குத் தோள் போனார். மாரத்தானில் நம்பிக்கை இழந்த ஒரு கட்டத்தில், முன்பு ஒரு பத்திரிகையில் பார்த்த மெக்சிகோவின் ஹுயிச்சோல் பழங்குடிப் பூசாரி ஒருவரின் முதிய முகம் தன் கண்முன் வந்ததாகவும், வெல்வது பற்றிய பதற்றம் விலகி, அந்த இடத்தில் இருப்பதே போதும் என்று மனம் அமைந்ததாகவும் ஆலன் பின்னாளில் சொன்னார். கடைசி ஏற்றத்தில் ஸ்காட்டைப் பிரிந்து 58 வினாடி வித்தியாசத்தில் வென்றார்.

அழகான கதை. பொய்யென்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் ஒரு உறுத்தல். பலனை விட்டால் பலன் கிடைக்கும் என்று அது ஆகிவிட்டால், பற்றின்மையும் இன்னொரு பயிற்சி உத்தியாகிவிடுகிறது. ஜெல் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் அதையும் செருகி வைத்துக்கொள்ளலாம். அன்றைக்கு ஸ்காட்டுக்கும் மனம் அமைதியாக இருந்திருக்கலாம். தோற்றவரின் ஞானத்தை யாரும் பேட்டி எடுப்பதில்லை.

அதனால் வெற்றியை விட்டுவிட்டுப் பஞ்சருக்குத் திரும்புவது நல்லது. ஸ்டாட்லர் நின்ற அதே போட்டியில், மூன்று ஆண்டு கழித்து, 2008-இல் பிரிட்டனின் கிரிஸ்ஸி வெலிங்டனும் சாலையோரம் நின்றார். அவரும் முந்தைய ஆண்டுச் சாம்பியன், அப்போது முன்னிலையில் இருந்தவர். டயரில் காற்றடைக்க வைத்திருந்த கார்பன் டை ஆக்சைடு குப்பிகள் வீணாகிவிட்டன. கையில் காற்று இல்லாமல் நிற்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ஏறக்குறைய பத்து நிமிடம் போயிற்று. அவர் முந்திவந்தவர்கள் எல்லாம் ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். அப்போது பின்னால் வந்த ஆஸ்திரேலியப் போட்டியாளர் ரெபெக்கா கீட், தன் குப்பியொன்றை இவரிடம் எறிந்துவிட்டுப் போனார். வெலிங்டன் காற்றடைத்து, ஒவ்வொருவராகப் பிடித்து, 9 மணி 6 நிமிடத்தில் முதலாவதாக வந்தார்.

வெலிங்டனின் நிதானத்தைப் பாராட்டி நிறைய எழுதியாயிற்று. இந்தக் கட்டுரைக்குக் கீட் முக்கியம். பந்தயத்தின் நடுவில், தனக்கே பஞ்சர் ஆகலாம் என்ற நிலையில், தன்னைத் தோற்கடிக்கக்கூடிய ஆளுக்கே அவர் காற்றைக் கொடுத்தார். நின்று யோசித்துக் கணக்குப் போட நேரமில்லை; மிதித்துக்கொண்டே செய்த காரியம். பலன் கருதாத செயலுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் விளையாட்டில் எளிதில் அகப்படாது. இத்தனை ஆண்டுப் பயிற்சித் திட்டத்தில் எந்தப் பக்கத்திலும் இது எழுதப்பட்டிருக்கவில்லை.

திருக்குறளின் தவம் அதிகாரம் தொடக்கத்திலேயே இரண்டு விஷயங்களைக் கேட்கிறது: தனக்கு வரும் துன்பத்தைப் பொறுப்பது ஒன்று, பிற உயிருக்குத் துன்பம் செய்யாதிருப்பது மற்றொன்று. டிரையத்லான்காரர்கள் முதல் பாதியில் முதல் வகுப்பு. இரண்டாம் பாதியை அவர்கள் வீட்டாரிடம்தான் விசாரிக்க வேண்டும். சனிக்கிழமை காலை ஐந்து மணி நேர சைக்கிள் என்றால், அந்த ஐந்து மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் ஒருவர் இருக்கிறார். நாளைக்கு இரண்டு தடவை வியர்வைத் துணி துவைபடுகிறது. குடும்பத்தின் விடுமுறை ஊர், போட்டி எங்கே நடக்கிறதோ அந்த ஊர். போட்டி நாளில் மனைவியோ கணவனோ தடுப்புக் கம்பியருகே பத்து மணி நேரம் நின்று, கடந்துபோகும் நாலு நொடியில் கை தட்டுகிறார். முழங்கால் பிசகிப் பயிற்சி நின்ற மாதத்தில் வீட்டில் எரிந்து விழுவதற்கும் அதே ஆள்தான் அகப்படுகிறார். அவருக்குப் பதக்கம் கிடையாது. வைராக்கியம் என்ற பெயரில் அடுத்தவர் நேரத்தைச் செலவழிப்பது எவ்வளவு தூரம் தகும் என்ற கேள்வியைப் பயிற்சிப் புத்தகங்கள் எழுப்புவதில்லை, வள்ளுவர் எழுப்பிவிட்டார்.

இன்னொரு விநோதம், இவர்களுக்கு ஓய்வெடுக்கத் தெரியாது. போட்டிக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பு பயிற்சியைக் குறைக்க வேண்டும், டேப்பர் என்பார்கள். உழைப்பில் சிதைந்த தசை ஓய்வில்தான் முன்னைவிட வலுவாகத் திரும்பக் கட்டப்படுகிறது. அறிவியல் இதில் சந்தேகம் வைக்கவில்லை. வீரருக்குத்தான் சந்தேகம். கால் மணி நேரம் சும்மா இருந்தால் குற்றவுணர்வு. இல்லாத முழங்கால் வலி தெரிகிறது, தொண்டை கரகரப்பதுபோல் இருக்கிறது, அட்டவணைக்கு வெளியே ரகசியமாக ஒரு ஓட்டம் ஓடத் தோன்றுகிறது. துன்பத்துக்கு அஞ்சாத மனிதர் சோபாவுக்கு அஞ்சுகிறார்.

பௌத்த நூல்களில் சோணர் என்ற துறவி வருகிறார். செல்வக் குடும்பத்துப் பிள்ளை. உள்ளங்காலில் ரத்தம் வரும்வரை நடந்து நடந்து தியானம் செய்தும் ஒன்றும் கைகூடாமல், வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று யோசித்தார். அவர் முன்பு வீணை வாசித்தவர் என்பது புத்தருக்குத் தெரியும். நரம்பை அளவுக்கு மீறி முறுக்கினால் வாசிக்க வருமா, தளர விட்டால் வருமா என்று கேட்டு, முயற்சியையும் அப்படிச் சுருதி சேர்க்கச் சொன்னார். அந்தப் புண்பட்ட பாதத்தைப் பார்த்து மெச்சவில்லை.

வெலிங்டனுக்கு அந்தச் சுருதி ஒருமுறை பெரிய விலையோடு வந்தது. 2007, 2008, 2009 என்று தொடர்ந்து மூன்று முறை கோனாவில் வென்றிருந்தார். 2010 அக்டோபரில் நான்காவதையும் அவரே வெல்வார் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்தபோது, போட்டி நாள் காலையில், உடம்பு சரியில்லை, இறங்கப்போவதில்லை என்று அறிவித்தார். ஒரு வருடப் பயிற்சி, கீதை சொல்லும் மூன்று தவங்களில் எதிலும் சேராமல், கரையிலேயே நின்றுவிட்டது. வென்றவர் ஆஸ்திரேலியாவின் மிரிண்டா கார்ஃப்ரே. அடுத்த ஆண்டுப் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கையில் வெலிங்டன் சைக்கிளிலிருந்து விழுந்து உடம்பெல்லாம் சிராய்த்துக்கொண்டார். அந்தத் தடவை இறங்கினார். கார்ஃப்ரே இரண்டாவதாக வந்தார்.