தோம்பில் ஏறிய பெயர்

யாழ்ப்பாணத்துக் கோயிற்பற்றுகளின் பழைய பதிவேடுகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரு சாராராவர். ஒரு சாரார் அவற்றிற் சமயப் பரம்பலின் வெற்றியைக் காண்பர். மறு சாரார் நம் முன்னோரின் கோழைத்தனத்தைக் காண்பர். இரு சாராரும் ஏட்டை வாசிக்கின்றனரேயன்றி, அதனை எழுதுவித்த சமுதாயத்தை வாசிப்பதில்லை.

1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பறங்கியரிடமிருந்து கைப்பற்றினர். கத்தோலிக்கக் கோயில்கள் புரட்டஸ்தாந்துக் கோயில்களாயின. வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, பச்சிலைப்பள்ளி ஆகிய பகுதிகளிற் கோயிலும் பாடசாலையும் இணைந்தே இயங்கின. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. ஊராரின் ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் பதிந்தவர் பாடசாலை ஆசிரியரே. பள்ளித் தோம்பு எனப்பட்ட அவ்வேடு வெறும் சமய ஏடன்று. விவாகம் செல்லுமா, பிள்ளைக்கு முதுசொம் சேருமா என்னும் வழக்குகளில் அது சான்றாக நின்றது.

ஆதலாற் சைவர் பலர் கோயிலில் ஞானஸ்நானம் பெற்று, வீட்டிலே திருநீறு பூசினர். 1795இல் ஒல்லாந்தர் ஆட்சி அங்கு முடிவுற்றதும் அக்கிறித்தவமும் விரைவிற் கலைந்தது. 1816இல் வந்த அமெரிக்க மிசனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பழைய கோயில்களைப் பாழடைந்த நிலையிலேயே பெற்றனர். ஏட்டில் நிறைந்திருந்த சபை ஊரில் இருக்கவில்லை.

அவ்வாறாயின், பெயர் கொடுத்தவன் பொய்யனா? சொத்துரிமையை நம்பிக்கையோடு பிணைத்துவிட்டு, ஒருவனிடம் உண்மையை எதிர்பார்ப்பது நீதியன்று. பொய்யை விளைவித்த சட்டமே முதற் குற்றவாளி. இது தெளிவு. எனினும், இவ்விடத்தில் நின்றுவிடுவது நமக்கு வசதியான முடிவாகிவிடும்.

ஏனெனில், மறுத்தோரும் இதே மண்ணில் வாழ்ந்தனர். கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளித்தலே பெருங்குற்றமாயிருந்த காலத்தில், 1687இல் இலங்கைக்கு வந்த யோசேவ் வாஸ் அடிகளை யாழ்ப்பாணத்து மக்கள் மறைத்துக் காத்தனர். அச்சம் எல்லோருக்கும் பொதுவாயிருந்தது, பணிவு அவ்வாறிருக்கவில்லை.

மேலும், தோம்பிலே பெயரேற்றிக் காக்கப்பட்ட சொத்து யாது? 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமையைப் புரட்டுவோர், காணி, தோட்டம், சீதனம் என்பவற்றோடு அடிமைகளைப் பற்றிய விதிகளையும் காண்பர். 1844இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை மனிதனும் முதுசொமாகக் கைமாறினான். உடையவன் தன் பிள்ளைக்காகச் சொன்ன பொய், இன்னொருவன் பிள்ளையின் அடிமைத்தளையையும் உறுதி செய்தது. அந்த இன்னொருவனுக்கோ காப்பதற்குக் காணியில்லை; அவனது நம்பிக்கை யாதென்று கேட்பாருமில்லை.

ஆகவே, நிர்ப்பந்தத்திற் சொன்ன பொய்யை எடைபோடும்போது, சொன்னவன் எவ்வளவு அஞ்சினான் என்பதோடு, அப்பொய் எதனைக் காத்தது என்பதையும் கேட்டல் வேண்டும். குடிசைக்காரன் கஞ்சிக்காகச் சொன்ன பொய்யும் உடையவன் ஆதிக்கத்துக்காகச் சொன்ன பொய்யும் ஏட்டிலே ஒரே மையில் எழுதப்பட்டிருக்கலாம். அறத்தின் கணக்கில் அவை ஒன்றல்ல. அந்நியனை ஏமாற்றிய சாதுரியம் என்று எல்லாவற்றையும் ஒருங்கே புகழ்வோர் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகின்றனர்.

தோம்பெழுதியவர் ஓர் ஆசிரியர் என்பதை ஆசிரியராகிய நாம் மறத்தலாகாது. முன்னால் நின்றவன் நம்பாததைச் சொல்கிறான் என்பதை அறிந்தே அவர் எழுதியிருப்பார். அவருக்கும் குடும்பம் இருந்தது; மேலதிகாரி இருந்தார். நம் கையிலும் பதிவேடுகள் உள்ளன. சாதி, சமயம், வருமானம் என்று பிள்ளைகள் சொல்வதை நாமும் எழுதுகிறோம். அவற்றுள் எது அச்சத்தினால் வந்த விடை என்று அறிந்தும் பேசாது பக்கத்தைப் புரட்டினால், அந்தப் பழைய ஆசிரியரைப் பழிக்க நமக்கு உரிமையில்லை.