இப்போது வேண்டாம்

"எட்டு வருஷமா இந்த வேலை பார்க்கிறேன். 'வேண்டாம்'னு ஒரு பட்டன்கூட நான் எழுதினதில்லம்மா" என்றாள்.

என்னிடம் இளங்கலைத் தமிழ் படித்தவள். படிப்பு முடிந்து வேலை கிடைக்காமல் ஒரு வருடம் வீட்டில் இருந்தபோது யூடியூபைப் பார்த்தே இணையதளம் கட்டக் கற்றுக்கொண்டாள். இப்போது கோவையில் ஒரு நிறுவனத்தில் வெப் டெவலப்பர். ஊருக்கு வந்தால் என் வீட்டுக்கும் வருவாள். அன்று என் கைப்பேசியை வாங்கி, எந்தெந்தச் செயலிக்கு எதையெல்லாம் அனுமதித்திருக்கிறேன் என்று பார்த்துவிட்டுச் சிரித்தாள். டார்ச் அடிக்கிற ஒரு செயலிக்கு என் தொடர்பு எண்கள் முழுவதையும் கொடுத்திருந்தேன். "டார்ச்சுக்கு உங்க நாத்தனார் நம்பர் எதுக்கும்மா?" எப்போது கொடுத்தேன் என்று எனக்கு நினைவில்லை. "கேட்டிருக்கும். நீங்க 'சரி'ன்னு அமுக்குற வரைக்கும் கேட்டிருக்கும்."

தன் தொழில்மீது அவளுக்குப் பெரிய மரியாதை கிடையாது. மளிகைக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில், குழந்தையின் கைக்கு எட்டுகிற உயரத்தில் மிட்டாய் டப்பா வைக்கிறவருக்கு இருக்கிற அறிவுதான் தங்களுக்கும், சம்பளம் மட்டும் கூடுதல் என்பாள். 'சரி' பட்டன் பச்சையாக, கட்டைவிரல் தானாக விழும் இடத்தில் அகலமாக இருக்கும். மற்றது சாம்பல் நிறத்தில், கட்டம்கூட இல்லாமல் பொடி எழுத்தாகக் கீழே கிடக்கும். அதிலும் 'வேண்டாம்' என்று இருக்காது. 'பிறகு பார்க்கலாம்', 'இப்போது வேண்டாம்' என்றுதான் இருக்கும். "வேண்டாம்னு எழுதினா கதை முடிஞ்சிடும். இப்போது வேண்டாம்னா, நாளைக்கு மறுபடியும் கேட்க நீங்களே எங்களுக்கு அனுமதி கொடுத்த மாதிரி."

இலக்கணம் நடத்துகிறவளுக்கு இந்த இடத்தில் காது கூர்மையாகிவிடும். பழைய தமிழில் 'செய்யேன்' என்று ஒரு வினைமுற்று. 'செய்' பகுதி, 'ஏன்' விகுதி. நடுவில் எதிர்மறை ஆகாரம் புணர்ந்து கெட்டது என்று கரும்பலகையில் பிரித்துக் காட்டுவோம். மாணவிகள் எழுதிக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் போனேன். உண்மையில் நின்று பார்க்க வேண்டியது, அந்தச் சொல்லில் இல்லாத ஒன்றை. அதில் காலம் காட்டும் இடைநிலை கிடையாது. செய்தேன், செய்கிறேன், செய்வேன் என்று இசைவுக்கு மூன்று காலமும் உண்டு. செய்யேன் என்றால் முக்காலத்துக்கும் செய்யேன். உண்ணேன் என்றால் நாளைக்கும் உண்ணேன். மறுப்பவளிடம் 'எப்போது செய்வாய்?' என்று கேட்க அந்தச் சொல்லில் இடமே இல்லை. 'இப்போது வேண்டாம்' பட்டன் அந்த இடத்தைத் தோண்டி எடுத்துவிடுகிறது. மறுப்புக்கு ஒரு காலத்தை ஒட்டிவைத்துவிட்டால், அது தவணை ஆகிவிடுகிறது.

இந்த வேலைகளுக்கெல்லாம் 'டார்க் பேட்டர்ன்' என்று 2010இல் பெயர் வைத்தவர் ஹாரி பிரிக்னல் என்ற பிரிட்டன்காரர். நம் நாட்டிலும் 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இவற்றில் 13 வகைகளைப் பட்டியலிட்டு வழிகாட்டுதல் வெளியிட்டது. திரும்பத் திரும்பக் கேட்டு நச்சரிப்பது ஒரு வகை. மறுப்பவரை வெட்கப்படுத்துவது இன்னொன்று. விமானச் சீட்டு எடுப்பவர் காப்பீடு வேண்டாம் என்றால், 'நான் பாதுகாப்பில்லாமலே இருந்துகொள்கிறேன்' என்ற பொருள்படும் வாசகத்தைக் காட்டுவதை அந்த ஆவணமே உதாரணமாகச் சொல்கிறது. படித்தபோது எனக்கு என் சித்தி ஞாபகம் வந்தார். கல்யாணம் வேண்டாம் என்று சொன்ன பெண்ணுக்கு, "அப்ப கடைசிவரைக்கும் துணையில்லாமக் கிட" என்று அவர் எழுதாத பட்டன் ஒன்று வைத்திருந்தார்.

வெளியேறும் வழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2023 ஜூனில் அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் அமேசான்மீது வழக்குத் தொடுத்தது. பிரைம் சந்தாவில் சேர ஒன்றிரண்டு கிளிக் போதும். விலகுவதற்கோ 4 பக்கங்கள், 6 கிளிக்குகள், 15 தெரிவுகள் என்றது ஆணையம். விலகும் அந்த வழிக்கு நிறுவனத்துக்குள் வைத்திருந்த பெயர் 'இலியட்'. பெயர் வைத்தவர் எங்களைப் போல இலக்கியம் படித்துவிட்டு அந்தப் பக்கம் போனவராக இருக்க வேண்டும். ஹெலன் யாரிடம் இருப்பது என்று ஆண்கள் நடத்திய பத்தாண்டுப் போரைப் பற்றிய காவியம் அது. 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு வழக்கு சமரசமானது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 'இப்போது வேண்டாம்' என்பது கணினிக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல, நாம் கண்டுபிடித்தது. "படிப்பு முடியட்டும்." "தலை வலிக்குது." "பிள்ளை முழிச்சிருக்கு." 'வேண்டாம்' என்ற சொல் வீட்டுக்குள் கிடைக்காதபோது அதன் ஓரத்தில் நின்று சொல்லக்கூடியவை இவைதான். நானும் சொன்னேன். எம்.ஃபில். முடியட்டும்பா என்றேன், பிறகு பிஎச்.டி. முடியட்டும்பா என்றேன். அப்பா அதை ஒரு தேதியாகக் குறித்துக்கொண்டார். ஆய்வேட்டைச் சமர்ப்பித்த வாரமே பெண் பார்க்க வந்தார்கள். அன்று வந்தவர்கள்மீது எனக்கு வந்த கோபம் நியாயமே இல்லாதது. நான் சொன்ன தேதிக்குத்தான் அவர்கள் வந்திருந்தார்கள். (அவரைத்தான் மணந்தேன். அது வேறு கதை.)

எனவே 'பிறகு' என்ற சொல்லை நான் வெறுத்துவிட முடியாது. எத்தனையோ பெண்களுக்கு ஒரு இரவை, ஒரு வருடத்தை, ஒரு பட்டத்தை வாங்கிக் கொடுத்த சொல் அது. அதற்குள் ஒளிந்துகொண்டவள் வலுவில்லாதவள்; அவளுக்கு வேறு இடமில்லை. நிறுவனத்துக்கு ஒளிந்துகொள்ள வேண்டிய அவசியம் என்ன? அது தனக்காக அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளவில்லை. நம் வாயில் வைக்கிறது. கோடிக்கணக்கானவர்களை, அப்பாவின் முன் நிற்கும் மகளின் குரலில் பேச வைக்கிறது. ஆண்களும் இப்போது திரைக்கு முன்னால் அந்தக் குரலில்தான் பேசுகிறார்கள். அவர்களுக்கு அது எரிச்சலாக இருக்கிறது, 'ஏன் விடமாட்டேன் என்கிறது?' என்று கேட்கிறார்கள். கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் திருப்தியாகவே இருக்கிறது என்பதை மறைக்கமாட்டேன்.

இதையெல்லாம் அவளிடம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் முகம் மாறியது. "ஈமெயில் தொல்லையையும் ஒரு பொண்ணோட உடம்பையும் ஒரே தராசில வைக்காதீங்கம்மா. எனக்குப் பிடிக்கல."

அவளுக்கு அப்படிச் சொல்ல உரிமை இருக்கிறது. கணவர் வீட்டிலிருந்து வந்து மூன்று வருடமாகிறது. ஏன் என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கலாம். இரண்டு காயமும் ஒன்றல்ல, நான் தராசை இறக்கிவிட்டேன். ஆனால் 'இல்லை' என்று சொல்ல வழியில்லாத இடத்தில் சொல்லப்படும் 'சரி'க்கு என்ன பொருள் என்ற கேள்வி மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான் என்று தோன்றியது. அதைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்று இருவரும் சேர்ந்து தேடினோம்.

இந்தியாவின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. சம்மதம் சுதந்திரமானதாக, குறிப்பானதாக, விவரம் அறிந்து தந்ததாக, நிபந்தனையற்றதாக, ஐயத்துக்கு இடமற்றதாக இருக்க வேண்டும்; தெளிவான ஒரு செயலால் அது வெளிப்பட வேண்டும் என்கிறது 6ஆவது பிரிவு. எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். கொடுத்தது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அதற்கு ஈடான எளிமையோடு இருக்க வேண்டும். இந்தச் சட்டம் தனிமனிதர் எவரையும், ஆணாக இருந்தாலும், 'அவள்' என்றே குறிக்கிறது. அவளுடைய சம்மதம், அவளுடைய உரிமை. சுட்டுப்பெயர் பார்த்து ஒரு சட்டத்தின்மேல் எனக்கு ஆசை வந்தது அதுதான் முதல் தடவை.

அதே ஆண்டு, அதே நாடாளுமன்றம். டிசம்பர் 25 அன்று பாரதிய நியாய சன்ஹிதா ஒப்புதல் பெற்றது. அதன் 63ஆவது பிரிவு பாலியல் வல்லுறவை வரையறுக்கிறது. உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு பெண் சம்மதித்தாள் என்று கொள்ளக்கூடாது என்று, 2013இல் பழைய சட்டத்தில் சேர்த்த விளக்கம் அதிலும் இருக்கிறது. கூடவே பழைய விலக்கும் இருக்கிறது: 18 வயதுக்குக் குறையாத தன் மனைவியோடு கணவன் கொள்ளும் உறவு வல்லுறவு ஆகாது.

அவள் ஆகஸ்டு மாதத்துச் சட்டத்துக்குத் திரும்பிப் போனாள். திரும்பப் பெறும் உரிமையைச் சொல்லும் வரியை மெதுவாக, இரண்டு தடவை வாசித்தாள்.

"இவ்வளவு அழகா எழுதியிருக்காங்களே. இது எதுக்கும்மா, ஈமெயில் முகவரிக்கா?"

நான் காப்பி போட எழுந்தேன்.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். போன மாதம் ஒரு தளத்தில், 'சரி' பட்டனுக்குப் பக்கத்தில் அதே அளவில், அதே நிறத்தில் 'வேண்டாம்' என்று ஒன்று வைத்துப் பார்த்தாளாம். மேலாளர் அதைப் பிழை என்று குறித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

"நீ என்ன செஞ்ச?"

"பிறகுன்னு மாத்திக் கொடுத்துட்டேன். தனியா வீடு எடுத்திருக்கேன்லம்மா, வாடகை இருக்கே."